மில் விடுதியிலிருந்து ஜெனீவாவுக்கு: ஐ.நா. ஆய்வுக்கு அறிக்கை அனுப்பும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நூற்பாலைப் பெண்களுக்காக வேலை செய்யும் சின்னத் தொண்டு நிறுவனமும் ஐ.நா.வுக்கு நேரடியாக எழுதலாம். ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஆராயும், இதை யூ.பி.ஆர். (உலகளாவிய காலமுறை ஆய்வு) என்பார்கள். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022-இல் வந்தது. ஆய்வுக்கு மூன்று ஆவணங்கள் போகும்: அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தகவல் தொகுப்பு, தொண்டு நிறுவனங்கள் போன்றோர் அனுப்பியவற்றின் சுருக்கம்.

இதற்கு ஈகோசாக் (ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம்) தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் ஆலோசனைத் தகுதி தேவையில்லை. மனித உரிமை மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசத்தான் அது வேண்டும். அதற்கென்று காத்திருந்தால் காலம் போய்விடும். விண்ணப்பங்களைப் பார்க்கும் 19 நாடுகள் கொண்ட குழுவில் ஒரு நாடு கேள்வி கேட்டாலே விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பின் விண்ணப்பம் இப்படியே பத்தாண்டுக்கு மேல் இழுபட்டு, 2022 டிசம்பரில்தான் தகுதி கிடைத்தது.

அறிக்கையின் நீளத்துக்கு வரம்பு உண்டு: தனி நிறுவனம் என்றால் 2,815 சொற்கள், பலர் சேர்ந்து அனுப்பும் கூட்டறிக்கை என்றால் 5,630. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றில் அனுப்புங்கள். தமிழில் முதலில் எழுதுவோர் 1,800 சொற்களில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் நீளும். பத்திகளுக்கு எண் போடுங்கள், வேர்டு கோப்பாக இணையவழி அனுப்புங்கள். ஆய்வுக்குப் பல மாதம் முன்பே கெடு முடியும்; தாமதமாகப் போனால் சேர்க்க மாட்டார்கள்.

‘மில்களில் பெண்கள் சுரண்டப்படுகிறார்கள்’ என்ற வரி சுருக்கத்தில் நிற்காது. எந்தத் தாலுகா, எந்த மாதங்கள், எத்தனை பேரிடம் பேசினீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டு கைக்கு வந்தது, பி.எஃப். எண் தெரியுமா, விடுதியை விட்டு வெளியே போக யார் அனுமதி தர வேண்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் கீழே ஒரு பரிந்துரை. ‘பெண்களைப் பாதுகாக்க வேண்டும்’ என்றால் அரசு தயங்காமல் ஏற்கும், ஒன்றும் நடக்காது. ‘தமிழ்நாட்டின் 2014 விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாகாத மில் விடுதிகளின் பட்டியலை வெளியிட வேண்டும்’ என்றால் அடுத்த முறை செய்தீர்களா என்று கேட்கலாம். குழந்தைத் தொழிலாளர் தொடர்பான ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகள் 138, 182 இரண்டையும் இந்தியா 2017-இல் ஏற்றுவிட்டது. சங்க உரிமைக்கான 87, 98-ஐ ஏற்கவில்லை. முன்னதில் அமலாக்கம் கேளுங்கள், பின்னதில் ஒப்புதல் கேளுங்கள்.

அறிக்கை இணையத்தில் வெளியாகும். பெயரை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஊர், வயது, சாதி மூன்றும் ஒரே பத்தியில் இருந்தால் ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அது யாரென்று சொல்லிவிடுவார்.

அனுப்பியதோடு விடாதீர்கள். பரிந்துரை செய்வது மற்ற நாடுகள்தான். ஆய்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே டெல்லியில் உள்ள தூதரகங்களுக்கு இரண்டு பக்கத்தில் மூன்றே கோரிக்கைகள் கொடுங்கள்.

ஐ.எல்.ஓ.வுக்கு முறையீடு போக வேண்டுமானால் தொண்டு நிறுவனத்தால் முடியாது. தொழிற்சங்கத்தின் பெயரில்தான் போகும். கோவையில் பழைய பஞ்சாலைச் சங்கங்கள் இருக்கின்றன, பேசிப் பாருங்கள்.

செலவுக்கு வெளிநாட்டுப் பணம் வாங்குவோர் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பின் ஒரு நிறுவனம் பெற்ற தொகையை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. கூட்டறிக்கையில் ‘நாங்கள் வாங்கிப் பிரித்துத் தருகிறோம்’ என்ற ஏற்பாடு செல்லாது. அவரவர் செலவு அவரவர் கணக்கில். நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.