சானல்கரையில் நடப்பவரும் பேட்டரி சைக்கிளும்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

குமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் காலை நடைக்குப் பூங்கா தேடுகிறவர்கள் குறைவு. சானல்கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை, இருக்கும்போது பூங்கா எதற்கு? ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ரப்பர் விளை (தோட்டம்), நடுவில் ஒரு கார் போகிற அகலத்தில் பாதி தார், பாதி மண். நான் அதில் பன்னிரண்டு வருஷம் நடந்தேன். முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும், போன வருஷம் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினேன்.

வாங்கின இரண்டாவது வாரமே ஒரு பாட்டாவை (தாத்தாவை) சானலுக்குள் தள்ளப் பார்த்தேன். அவர் இடது ஓரமாக வாளியோடு போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால் நாலு முழம் இருக்கும்போது பெல் அடித்தேன். அவர் திடுக்கிட்டு வலப்பக்கம், நேரே என் பாதையில் குதித்தார். பிரேக்கு பிடித்து நின்றுவிட்டேன், வாளிக்குத்தான் நெளிவு. அவர் திட்டவில்லை. "யட்சி வந்தாக்கூட கொலுசுச் சத்தம் கேக்கும்லா மக்கா" என்றார்.

பிரச்சினை அதுதான். டிவிஎஸ் வண்டி ஒரு வளைவுக்கு முன்பே தன்னைச் சொல்லிவிடும். பேட்டரி சைக்கிள் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். கீழே உள்ள எல்லாமே இந்தச் சத்தமின்மையைச் சரிக்கட்டும் வழிகள்தான்.

படி 1: எந்த வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்ட வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, பெடல் மிதிக்கும்போது உதவுகிற மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் கூடக்கூட அந்த உதவி குறைந்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும். பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை, நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் தேவையில்லை.

கடையில் "ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 40 போகும் அண்ணே" என்பார்கள். கழற்றினால் அது சைக்கிள் அல்ல, பதிவில்லாத மோட்டார் வண்டி. நடைபாதையில் மோட்டார் வண்டிக்கு இடமே கிடையாது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வேகக் கணக்குப் போடாதீர்கள். அங்கே முதல் இரண்டு வகுப்பு வண்டிகளுக்கு மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் வரை மோட்டார் உதவும், மூன்றாம் வகுப்புக்கு 28 மைல். அங்கே உள்ள அகலப் பாதையும் நம் சானல்கரையும் ஒன்றல்ல.

படி 2: நடப்பவர்கள் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள்

எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை வரும். ஆட்டோவும் டிப்பரும் ஓடுகிற, நடைபாதை இல்லாத ரோடு என்றால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது. சைக்கிளும் ஆட்களும் மட்டும் போகிற கரைப்பாதையில் இடது ஓரம். பின்னால் வருகிறவர் வலப்பக்கமாக முந்திப் போகலாம். எந்தப் பக்கம் ஆனாலும், பின்னால் சத்தம் கேட்டதும் பக்கம் மாறாதீர்கள். உங்கள் பாட்டுக்கு நேராக நடந்தால் ஓட்டுகிறவர் விலகிக்கொள்வார். பாட்டா குதித்ததில் அவர் தப்பு எதுவுமில்லை, ஆனால் குதிக்காமல் இருந்திருந்தால் வாளி தப்பியிருக்கும்.

குழந்தையோடு நடக்கிறீர்களா? தண்ணீர்ப் பக்கம் விட்டால் சானல் பயம், பாதைப் பக்கம் விட்டால் வண்டிப் பயம். குழந்தையை முன்னால் விட்டு, தோளில் கை வைத்தபடி பின்னால் நடங்கள். ஜூன் மாதம் அணை திறந்தால் பிப்ரவரி வரை, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் பட்டணங்கால் சானலில் தண்ணீர் ஓடும். பல இடத்தில் கரைக்குத் தடுப்பே கிடையாது. (நெய்யாறு இடதுகரை சானல்காரர்களுக்கு இந்தப் பயம் இல்லை. 2004-க்குப் பிறகு கேரளத்திலிருந்து தண்ணீர் வராமல் அது காய்ந்து கிடக்கிறது. அந்தக் கதையைத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது.)

நாலு பேர் கை கோத்து வரிசையாகப் போவதை விடுங்கள், இரண்டு பேர் போதும். இயர்போன் ஒரு காதில் மட்டும்.

படி 3: ஓட்டுகிறவர்கள் தூரத்திலேயே சொல்லுங்கள்

பெரும்பாலான பொறுப்பு இங்கேதான். பின்னால் வருகிறவருக்குத்தான் கண் இருக்கிறது, முன்னால் போகிறவருக்கு முதுகுதான்.

கணக்கைப் பாருங்கள். நடப்பவர் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், உங்கள் வேகம் 25. நொடிக்கு ஐந்தரை மீட்டர் நெருங்குகிறீர்கள். 10 மீட்டரில் பெல் அடித்தால் அவருக்கு 2 நொடிகூட இல்லை. வயதானவருக்குக் காதில் விழுந்து, புரிந்து, எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கவே அந்த நேரம் போய்விடும். 30 மீட்டரில் அடித்தால் 5 நொடி. 30 மீட்டர் என்பது ரோட்டோரத்தில் ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் உள்ள இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஒரு கம்பம் தூரத்தில் ஒரே ஒரு தடவை பெல். தொடர்ந்து அடித்தால் அது அதட்டல். பிறகு மிதிப்பதை நிறுத்துங்கள், மோட்டாரும் நிற்கும். அப்புறம் வாயால் சொல்லுங்கள்: "அக்கா, வலப்பக்கம் வாறேன்." பெல்லைவிடக் குரல் நல்லது, பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. கேரளத்துப் பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் "சேட்டா, வலத்தே" என்பார்கள், அதுவும் எல்லாருக்கும் புரியும். அவர் தலையைத் திருப்பியோ கையை ஆட்டியோ காட்டிய பிறகு, அவருடைய நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலான வேகத்தில், ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விட்டுப் போங்கள். அவர் காட்டவில்லை என்றால் காது கேளாதவராக இருக்கலாம். அப்போது பின்னாலேயே மெதுவாக வாருங்கள், அகலமான இடம் வரும்.

கடந்தபின் "சரிக்கா" என்று ஒரு வார்த்தை. ஒரே வாரத்தில் பாதி நடைக்காரர்களுக்கு உங்கள் குரல் பழகிவிடும்.

படி 4: மோட்டாரின் குணத்தைப் பழகுங்கள்

புதியவர்கள் அடிக்கடி விழுவது ஓடும்போது அல்ல, கிளம்பும்போது. விலை குறைந்த வண்டிகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும்தான் சென்சார் பார்க்கும். அரைச் சுற்று மிதித்தபின் மோட்டார் திடீரென்று ஒரு தள்ளு தள்ளும். முன்னால் ஆள் நின்றால் அந்தத் தள்ளு அவர் மேல்தான். ஆட்கள் உள்ள இடத்தில் அசிஸ்டை (மோட்டார் உதவியின் அளவை) 1-இல் வையுங்கள், ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். நிற்கும்போது பெடலில் கால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நிறைய வண்டிகளில் பிரேக்கு லீவரை லேசாகப் பிடித்தாலே மோட்டார் அணைந்துவிடும், இரண்டு விரல் எப்போதும் லீவரில் இருக்கட்டும்.

இன்னொன்று, மோதலின் அடி வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 15-இல் போகிறவரைவிட 25-இல் போகிறவரின் இடி கிட்டத்தட்ட 2.8 மடங்கு. சாதாரண சைக்கிளைவிட இதில் எடையும் கூடுதல். நான் சானல்கரையில் 15-ஐத் தாண்டுவதில்லை.

படி 5: எங்கள் ஊர்ச் சிக்கல்கள்

மாட்டுக் கயிறு. இதைச் சொல்லாத வழிகாட்டி எதுவும் நம் ஊருக்கு உதவாது. பசு கரையில் மேயும், கயிறு கட்டின முளைக்குச்சி எதிர்ப்பக்கம் இருக்கும், கயிறு பாதைக்குக் குறுக்கே புல்லில் கிடக்கும். பசு நகர்ந்தால் முழங்கால் உயரத்துக்கு விறைக்கும். மாட்டைப் பார்த்தால் உடனே முளை எங்கே என்று தேடுங்கள். தெரியவில்லை என்றால் இறங்கி உருட்டுங்கள்.

படித்துறை. துணி துவைத்துவிட்டு ஈரக் காலோடு, தலையில் சுமையோடு மேலே ஏறுகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஒவ்வொரு படித்துறை முன்பும் வேகத்தைக் குறையுங்கள்.

விடியற்காலை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கு கட்டி, வெளிச்சம் வருமுன்பே விளையிலிருந்து பாதைக்கு இறங்குவார்கள். அவர்கள் விளக்கு உங்கள் கண்ணைக் குத்தும், உங்கள் முன்விளக்கு அவர்கள் கண்ணை. உங்கள் விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். நடப்பவர்கள் வெளிர் நிறச் சட்டை போட்டால் போதும்.

மழை இங்கே இரண்டு பருவத்திலும் உண்டு. நனைந்த ரப்பர் இலை சோப்பு மாதிரி. சக்கர வளையத்தைப் பிடிக்கிற ரிம் பிரேக்கு ஈரத்தில் தாமதமாகத்தான் பிடிக்கும், கம்பம் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

படி 6: இறங்கி உருட்ட வேண்டிய இடம்

மதகுப் பலகை, ஒற்றை ஆள் பாலம், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அதன் வாசல். சானல் தண்ணீரைச் சுமந்து போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனால் வண்டியைக் கீழேயே பூட்டிவிட்டு நடங்கள். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், வேடிக்கை பார்த்தபடி பின்னோக்கி நடக்கிற சுற்றுலாக்காரர்கள் நிறைய.

உருட்டும்போது வண்டி தண்ணீர்ப் பக்கம், நீங்கள் ஆள் வரும் பக்கம். மாற்றிப் பிடித்தால் எதிரே வருகிறவரின் கணுக்காலில் பெடல் இடிக்கும். சில வண்டிகளில் உருட்டுவதற்கென்றே மெதுவாகத் தள்ளும் பட்டன் ஒன்று உண்டு, சானலிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் முட்டிவலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை அழுத்தும்போதும் ஒரு கை பிரேக்கில்தான்.