கிளாசிகல் கிட்டார் தயாரிப்பாளர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

தரமான கிளாசிகல் கிட்டார் வாங்க நினைப்பவர்களில் பலர் ‘ராமிரெஸ் நல்லதா, யமஹா நல்லதா’ என்ற கேள்வியோடுதான் தேடலைத் தொடங்குகிறார்கள். இக்கேள்விக்கு நேரடியான விடை சொல்ல முடியாது. ஏனென்றால் ஒரே பெயரைத் தாங்கி மாணவர்களுக்கான கருவியும் கச்சேரிக்கான கருவியும் விற்பனைக்கு வருகின்றன, அவ்விரண்டையும் செய்த கைகளும் பெரும்பாலும் வேறு வேறு. ஆகவே நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன், நம் முன்னே இருக்கும் அந்த ஒரு கருவியை யார், எந்த மரத்தில், எந்த மரபைப் பின்பற்றிச் செய்தார் என்று பார்க்கப் பழக வேண்டும்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

ஒலித்துளை வழியாகப் பார்த்தால் பின்பலகையின் உட்புறத்தில் லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். தனிப் பட்டறையில் செய்த கருவியாக இருந்தால் அதில் செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவையும் பல சமயங்களில் கையொப்பமும் இருக்கும். தொழிற்சாலைக் கருவியில் மாடல் எண்தான் முதன்மையாகத் தெரியும். மாட்ரிட் நகரில் 1882-இல் தொடங்கிய ராமிரெஸ் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயர்நிலைக் கருவிகள் அப்பட்டறையிலேயே உருவாகின்றன. ‘எஸ்டூடியோ’ வரிசையோ ராமிரெஸ் வடிவமைப்பின்படி வேறு பட்டறைகளில் செய்யப்படுவது. யமஹாவிலும் இப்படித்தான்: தொடக்கநிலைக்கான சி40 வேறு, ஜப்பானில் கையால் செய்யப்படும் ஜிசி82 வேறு. எஸ்டூடியோ வரிசை மோசம் என்று இதற்குப் பொருளில்லை. அதை ஒப்பிட வேண்டியது அல்ஹம்ப்ரா, கோர்டோபா போன்ற நிறுவனங்களின் அதே நிலையிலுள்ள கருவிகளோடுதான்.

படி 2: மேற்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா என்று பாருங்கள்

ஒலித்துளையின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரவரிகள் விளிம்பில் மடிந்து, பலகையின் தடிமன் முழுவதும் தொடர்ந்து இறங்கினால் அது முழுமரம். வரிகள் அறுந்து, இடையில் வேறு நிறத்தில் மெல்லிய அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. விளிம்புக்கு வண்ணம் பூசி மறைத்திருந்தால் மாடலின் விவரக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பதே வழி.

பக்கங்களும் பின்பலகையும் ஒட்டுப்பலகையாக இருந்தாலும் தொடக்கத்தில் பொறுத்துக்கொள்ளலாம், மேற்பலகை மட்டும் முழுமரமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைய கிளாசிகல் கிட்டாருக்கு வடிவம் தந்த அந்தோனியோ தே தோரெஸ், மேற்பலகையின் முதன்மையைக் காட்டுவதற்காகவே 1862-இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். கோர்டோபா சி5 மாடலில் முழுமர மேற்பலகையும் ஒட்டுப்பலகைப் பக்கங்களும் இருக்கின்றன. சி10 மாடலில் எல்லாமே முழுமரம். ஒரே நிறுவனத்தின் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்ப்பது நல்ல காதுப் பயிற்சி.

படி 3: அளவுகளைச் சரிபாருங்கள்

கம்பியின் அதிரும் நீளம் பொதுவாக 650 மி.மீ., கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கிச் செல்லும் சிறு கட்டையான நட்டின் அகலம் ஏறத்தாழ 52 மி.மீ. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பியின் உயரம் தடித்த கம்பிக்கு 4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 3 மி.மீ. அளவில் இருப்பது இயல்பு. சிறிய கை உடையவர்கள் 640 மி.மீ. நீளத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: மரபுகளை அறிந்துகொள்ளுங்கள்

உண்மையான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது. தோரெஸ் வழியில் வந்தவர்கள் ஸ்ப்ரூஸ் மர மேற்பலகையின் அடியில் விசிறி வடிவில் மெல்லிய சட்டங்களைப் பொருத்தினார்கள். அவ்வழியைத் தன்வயப்படுத்திய ஜெர்மானியர் ஹெர்மன் ஹவுசர் 1937-இல் செய்த கிட்டாரை ஸ்பெயினின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியா பல ஆண்டுகள் கச்சேரிகளில் வாசித்தார். அது இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெளிவாகக் கேட்பது ஹவுசர் மரபுக் கருவிகளின் அடையாளம். மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960-களில் சீடர் மரத்தை மேற்பலகைக்குக் கொண்டுவந்து, கம்பி நீளத்தையும் 664 மி.மீ. ஆக்கினார், பெரிய அரங்கை நிறைக்கும் செறிவான, இளஞ்சூடான ஒலி அதன் பயன், இடக்கை விரல்களுக்குக் கூடுதல் சிரமம் அதன் விலை. பார்சிலோனாவின் இக்னாசியோ ஃப்ளேதா வயலின் குடும்பக் கருவிகளும் செய்தவர். அவருடைய கிட்டார்கள் வலிமையான ஒலிக்குப் பேர்போனவை. டோக்கியோவின் மசாரு கோனோ 1998-இல் மறைந்த பிறகு அப்பட்டறையை மசாகி சகுராய் தொடர்ந்து நடத்தினார்.

இவர்களிடமிருந்து முற்றிலும் விலகியவர் ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன். மிக மெல்லிய மேற்பலகையைப் பால்சா மரமும் கார்பன் இழையும் சேர்ந்த வலைப்பின்னல் சட்டங்களால் தாங்கச் செய்தார். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அக்கருவியை மேடைகளில் வாசித்துப் பரவலாக்கினார். ஜெர்மனியின் மத்தியாஸ் டமன், இரண்டு மெல்லிய பலகைகளுக்கு இடையே இலேசான நிரப்புப் பொருளை வைக்கும் இரட்டைப் பலகை முறைக்குப் பெயர் பெற்றவர். இவ்விரு வகையிலும் ஒலியளவு கூடுதல். ஆயினும் ஒலியின் நிறத்தை விரலால் மாற்றக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு விசிறிச் சட்ட மரபே ஏற்றது என்று நான் நினைக்கிறேன்.

படி 5: ஒரே சோதனையை எல்லாக் கருவிகளிலும் செய்யுங்கள்

கம்பிகள் பழையவையாக இருந்தால் ஒப்பீடு பயனற்றது. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே புதுமையுள்ள நைலான் கம்பிகள் இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஃபிரெட் ஃபிரெட்டாக ஏறி, ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள். எந்தச் சுரமாவது திடீரென்று உரத்து எழுந்து உடனே செத்துவிடுகிறதா என்று கவனியுங்கள். நல்ல பெயருள்ள பட்டறையின் கருவியிலும் அப்படி ஓரிரு சுரங்கள் இருக்கக்கூடும். பல கருவிகளில் மூன்றாம் கம்பிதான் மந்தமாக ஒலிக்கும், அதனால் ஒரு சிறு மெட்டை முதலில் இரண்டாம் கம்பியிலும் பின்னர் அதையே மேல் நிலையில் மூன்றாம் கம்பியிலும் வாசித்து வேறுபாட்டைக் கேளுங்கள். அடுத்து வலக்கையை, மேற்பலகையில் கம்பிகள் கட்டப்பட்டிருக்கும் பிரிட்ஜ் அருகே வைத்தும் ஒலித்துளைக்கு மேலே வைத்தும் அதே மெட்டை வாசியுங்கள்; இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலக் கேட்டால், ஒலி எவ்வளவு உரக்க இருந்தாலும் அந்தக் கருவியை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

வாசிப்பவருக்கு ஒருவிதமாகவும் எதிரே இருப்பவருக்கு வேறுவிதமாகவும் கேட்கும் என்பதால், வேறொருவரை வாசிக்கச் சொல்லி நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். எது எந்தக் கருவி என்று தெரியாதபடி திரும்பி நின்று கேட்டால் லேபிளின் செல்வாக்கும் குறையும்.