தொடக்கநிலையா, தொழில்முறையா? மலையகத்தில் முதல் டிஎஸ்எல்ஆர் கெமரா வாங்கும் முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றிப் போடக்கூடிய கெமரா வாங்க நினைக்கும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "சின்னதை வாங்கிவிட்டு அப்புறம் கவலைப்படுவேனா அண்ணே? கடன்பட்டாவது பெரியதையே வாங்கிவிடவா?" பாதிப் பேருக்கு மேல் நான் சொல்வது, சின்னதை வாங்கு, மிச்சக் காசுக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கு என்பதுதான். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போகிறவருக்கு மட்டும் அந்தப் பதில் சரிவராது. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள இந்த வரிசையில் போய்ப் பாருங்கள். கடைக்குப் போவது கடைசியில்.

படி 1: எதை எடுப்பீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்றே மூன்று எழுதுங்கள். ஆசைப்படுவதை அல்ல, அடுத்த ஒரு வருடத்தில் உண்மையில் எடுக்கப் போவதை. தேயிலை மலை, டெவன் நீர்வீழ்ச்சி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் என்று எழுதினால் நீங்கள் ஒரு வகை. தோட்டத்துக் கோயில் தேர், மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம் என்று எழுதி, அதற்குக் கூலியும் வாங்குவதாக இருந்தால் வேறு வகை. ஹோர்டன் சமவெளி மரை, நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று எழுதினால் மூன்றாவது வகை. தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், கீழே ஒவ்வொரு படியிலும் அது தேவைப்படும்.

படி 2: இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள்

தெரிந்த ஸ்டூடியோக்காரர் யாராவது இருந்தால் அவருடைய கெமராவை ஐந்து நிமிடம் கேளுங்கள். நிக்கோன் டி3500 தொடக்கநிலைக் கெமரா, 2018இல் வந்தது. பெட்டரியோடு 415 கிராம். நிக்கோன் டி850 தொழில்முறைக் கெமரா, 2017இல் வந்தது. பெட்டரியும் கார்டும் போட்டால் ஒரு கிலோ. அதற்கு ஏற்ற 24-70 எஃப் 2.8 லென்ஸ் இன்னொரு கிலோ. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு இரவில் படியேறுகிறவருக்கு இந்தக் கணக்கைப் பாதி வழியில் தோள்பட்டையே சொல்லிவிடும்.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலும் வித்தியாசம் தெரியும். சின்ன கெமராக்களில் உள்ளே கண்ணாடிகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். காட்சி சிறியதாகவும் கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும், படத்தில் விழுவதில் 95 வீதம்தான் அதில் தெரியும். பெரியவற்றில் முழுப் பட்டகம், காட்சி 100 வீதம். அப்புறம் சுழற்றும் டயல். சின்னதில் ஒன்று, பெரியதில் இரண்டு. ஷட்டரையும் (வெளிச்சம் விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறக்கும் அளவு) ஒரே நேரத்தில் மாற்றும் வேலை வந்தால்தான் இரண்டாவதன் அருமை புரியும். ஆரம்பத்தில் அந்த வேலை வராது.

படி 3: சென்சர் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சென்சர் என்பது கெமராவுக்குள் படம் விழும் சில்லு. முழு அளவு சென்சர், அதாவது ஃபுல் ஃபிரேம், 36க்கு 24 மி.மீ. தொடக்கநிலைக் கெமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சர் நிக்கோனில் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ., கெனனில் அதைவிடக் கொஞ்சம் சிறியது. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் பெரியது சின்னதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதாவது அதே வெளிச்சத்தில், அதே அமைப்பில் எடுத்தால் பெரிய சென்சருக்கு மொத்தத்தில் இரண்டரை மடங்கு வெளிச்சம் கிடைக்கும். இரவுத் தேரில் மாவிளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) 6400க்கு ஏற்றினாலும் பெரியதில் புள்ளி புள்ளியாகத் தெரிவது குறைவு. இது உண்மைதான்.

ஆனால் இதையும் பாருங்கள். கெமராவோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் குறைந்தால்தான் லென்ஸ் கூடத் திறக்கும். தனியாக வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் பாருங்கள், விடை வந்துவிடும். சென்சர் தருவது இரண்டரை, லென்ஸ் தருவது பத்து. பெரிய பாடி (லென்ஸ் இல்லாத கெமரா) வாங்கி, லென்ஸுக்குக் காசில்லாமல் மலிவான ஒன்றைப் பொருத்தி எடுக்கிறவரைவிட, சின்ன பாடியும் 50 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கும் தம்பி கோயிலுக்குள் நல்ல படம் எடுப்பார். கெனன்காரருக்கு 50 எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கோன் சின்ன பாடிக்காரருக்கு டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி. இரண்டுமே கையடக்கமானவை.

பறவைக்காரருக்குச் சின்ன சென்சர் நன்மையும்கூட. 300 மி.மீ. லென்ஸ் நிக்கோன் ஏபிஎஸ்-சியில் 450 அளவுக்குக் கிட்டக் காட்டும். ஏபிஎஸ்-சி என்றாலே தொடக்கநிலை என்று நினைத்துவிடாதீர்கள். நிக்கோன் டி500, கெனன் 7டி மார்க் 2 இரண்டும் ஏபிஎஸ்-சிதான், ஆனால் நொடிக்கு 10 படம் எடுக்கும் உறுதியான கெமராக்கள். உங்கள் தாளில் மரையும் பறவையும் இருந்தால் பழைய சந்தையில் இவற்றைத் தேடுங்கள்.

படி 4: கூலி வாங்குவீர்களா? கார்ட் போடும் இடங்களை எண்ணுங்கள்

தாலி கட்டுவது ஒரு தடவைதான். கார்ட் பழுதானால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்காது. அதனால் கூலிக்கு எடுக்கிறவர் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கெமராதான் வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். டி3500, கெனன் 1500டி போன்றவற்றில் ஓரிடம்தான்.

விலை கூடியதில் எல்லாம் இரண்டு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். கெனன் 6டி மார்க் 2 ஃபுல் ஃபிரேம்தான், ஆனால் ஓரிடம். நிக்கோன் டி7200இல் இரண்டு, அதற்குப் பின் வந்த டி7500இல் ஒன்று. டி750இல் இரண்டும் எஸ்டி கார்ட். கெனன் 5டி மார்க் 4இல் ஒன்று சிஎஃப், ஒன்று எஸ்டி, அதாவது இரண்டு வேறு வகை கார்ட். மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வீடியோவும் எடுப்பதாக இருந்தால் வெளி மைக் செருகும் துளை இருக்கிறதா பாருங்கள். டி3500இலும் 1500டியிலும் அது கிடையாது.

படி 5: லென்ஸ் பொருந்துமா?

கெனனில் இஎஃப் லென்ஸ் இரண்டு வகை பாடிக்கும் பொருந்தும். ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் பாடியில் ஏறவே ஏறாது. நிக்கோனில் ஏபிஎஸ்-சிக்கான டிஎக்ஸ் லென்ஸ் பெரிய பாடியில் ஏறும், ஆனால் சென்சரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். டி750இன் 24 மெகாபிக்சல் அப்போது ஏறத்தாழ 10 ஆகிவிடும். "இப்போது சின்னது, பிறகு பெரியது" என்று திட்டமிடுகிறவர் இதை மனதில் வைத்து லென்ஸ் வாங்க வேண்டும்.

இன்னொரு பொறி: நிக்கோன் தொடக்கநிலைப் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும்.

படி 6: நம் ஊர் மழைக்கும் பனிக்கும் தயாராகுங்கள்

தொழில்முறை பாடிகளில் இணைப்புகளுக்கு ரப்பர் அடைப்பு இருக்கும். தூறலில் கொஞ்சம் தைரியமாக நிற்கலாம். லென்ஸுக்கும் அடைப்பு இருந்தால்தான் அந்தத் தைரியத்துக்கு அர்த்தம், இருந்தாலும் கொட்டும் மழைக்கு அது போதாது. தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறவருக்கு எந்த பாடியானாலும் ஒரு பிளாஸ்டிக் உறையும் துணித் துண்டும் பையில் இருக்க வேண்டும். அதற்காக மட்டும் பெரிய கெமரா வாங்குவது வீண் செலவு.

உண்மையான எதிரி ஈரம். நுவரெலியாக் குளிரில் இருந்த கெமராவைக் கண்டிச் சூட்டுக்கு இறக்கினாலும், வெளியே இருந்து அடுப்பெரியும் குசினிக்குள் கொண்டுபோனாலும் கண்ணாடியில் நீர் படியும். உள்ளே நுழைவதற்கு முன்பே இறுக்கி மூடும் பொலித்தீன் பையில் போட்டு, சூடு சமமாகும் வரை திறக்காமல் வையுங்கள். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும். தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டினால் மழை மாதங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், தூசுதான் மிஞ்சும்.

பனிமூட்டத்தில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும். 1500டியில் 9 ஃபோகஸ் புள்ளி, டி3500இல் 11. இரண்டிலும் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கக்கூடியது. 5டி மார்க் 4இல் 61 புள்ளி, அதில் 41 வரை அப்படிப்பட்டவை. சின்ன கெமராக்காரர் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, நிழல் மரத்தின் தண்டு, தேயிலைச் செடியின் ஓரம் போன்ற கறுப்பு வெள்ளை சந்திக்கும் இடத்தில் ஃபோகஸ் பிடித்து, பிறகு சட்டகத்தை நகர்த்தலாம். வேலை ஆகிவிடும்.

படி 7: பழையதா, புதியதா?

கெனனும் நிக்கோனும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் வெளியிடவில்லை, இரண்டும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கெமரா பக்கம் போய்விட்டன. தொழில் செய்கிறவர்களும் மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பழைய சந்தைக்கு வருகின்றன. தொடங்குகிறவருக்கு இது நல்ல காலம் என்பேன்.

வாங்கும்போது லென்ஸை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்து, சிலந்தி வலை மாதிரி கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் விலையே பேச வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒரு படம் எடுத்து, நிறப் புள்ளிகள் எரிகின்றனவா பெரிதாக்கிப் பாருங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பதும் முக்கியம். நிக்கோன் படக் கோப்புக்குள்ளேயே அந்த எண் இருக்கும்; பெரும்பாலான கெனன்களில் கெமராவைக் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். 5டி மார்க் 4இன் ஷட்டர் 150,000 தடவைக்கும் டி850இனுடையது 200,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை. கல்யாண ஸ்டூடியோவில் உழைத்த கெமரா என்றால் இந்த எண்ணைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

புதிது என்றால் உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா, கடைக்காரருடையது மட்டுமா என்று கேட்டு, பெட்டியில் உள்ள தொடர் எண்ணையும் பாடியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள்.

படி 8: வாங்கிய அன்று

ஓட்டோவை விட்டுவிட்டு, அப்பர்ச்சரை நீங்களே வைக்கும் ஏ (நிக்கோன்) அல்லது ஏவி (கெனன்) முறைக்கு மாற்றுங்கள், ஐஎஸ்ஓ ஓட்டோவில் இருக்கட்டும். படம் ரோ (கெமரா திருத்தாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டிலும் பதியட்டும். பனிமூட்டத்தைக் கெமரா சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள். பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போகும், ஷட்டர் 1/500 நொடி போதும். அருவி பால் மாதிரி வர வேண்டுமானால் ஸ்டாண்டில் வைத்து ஷட்டர் அரை நொடி. குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றைச் சட்டையின் உட்பையில் வையுங்கள்.

கொழுந்தெடுக்கும் அக்காமாரை எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மட்டும் குறுக்கே போக வேண்டாம், அது அவர்களுடைய அன்றைய சம்பளக் கணக்கு. எடுத்த படத்தை அடுத்த தடவை போகும்போது அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதற்கடுத்த தடவை அவர்களே கூப்பிடுவார்கள்.