தற்சுழற்சியால் உணர்வை விளக்கும்போது நேரும் தவறுகள்

தன்னைத்தானே அழைக்கும் ஓர் அமைப்பு இருந்தால் போதும், உணர்வும் இருப்பும் அதிலிருந்து தாமாகவே பிறந்துவிடும் என்ற வாதம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இப்படித் தன்னைத்தானே அழைப்பதுதான் தற்சுழற்சி (recursion). அது மனித சிந்தனையின் மிக அழகான கருத்துகளில் ஒன்று. அதனாலேயே, தாங்காத சுமையை அதன் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முடிவில்லாமல் சுழல்வதுதான் தற்சுழற்சி என்று எண்ணுவது முதல் தவறு. 4-இன் காரணீயப் பெருக்கத்தை, அதாவது 4 × 3 × 2 × 1-ஐக் கேட்டால், கணினி நிரல் முதலில் 3-இன் விடையைத் தேடிப் போகும்; அது 2-ஐ, அது 1-ஐ. அங்கே நின்றாக வேண்டும். நின்ற பிறகே 2, 6, 24 என்று விடைகள் திரும்பி வரும். நிற்குமிடம் இல்லாவிட்டால் நினைவகம் நிரம்பி நிரல் முறிந்துவிடும். உணர்வை முடிவிலாச் சுழல் என்பவர், அது எங்கே நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

பழைய இந்தியத் தருக்க நூலோர் இந்தச் சிக்கலை அனவஸ்தை என்றார்கள். ஓர் அறிவை அறிய இன்னோர் அறிவு வேண்டுமென்றால், அதை அறிய மூன்றாவது வேண்டும். இதைத் தவிர்க்கவே, அறிவு தன்னைத்தானே உணர்கிறது என்றார் பௌத்தரான திக்நாகர். நியாய மரபினர் ஒப்பவில்லை: ஓர் அறிவு பொருளைக் காட்டுவதற்கு அந்த அறிவே அறியப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றார்கள். இன்று எழுதுபவர்களில் பலர் இந்த விவாதத்தைத் தொடுவதே இல்லை.

அடுத்த தவறு, தற்சுழற்சி இருந்தால் புதுப் பண்புகள் தோன்றும் என்று நம்புவது. கணிதவியலாளர் ஜான் கான்வேயின் 'உயிர் விளையாட்டு' 1970-இல் வெளியானது. சதுரக் கட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மாறும் ஆட்டம் அது; ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளதாகவோ வெற்றாகவோ இருக்கும். உயிருள்ள கட்டம் 2 அல்லது 3 அண்டைக் கட்டங்கள் உயிரோடிருந்தால் பிழைக்கும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் அது உயிர்பெறும். இவ்வளவுதான் விதி. ஆனால் ஐந்து கட்டங்களாலான ஒரு வடிவம் 4 தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. நகர்வு பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. புதுமை தோன்றிவிட்டது, ஆனால் அந்த வடிவம் தன்னை எங்கும் சுட்டவில்லை. காரணீயப் பெருக்கமோ தன்னையே சுட்டுகிறது. அதில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதிலிருந்து வருவதால் கான்வேயின் ஆட்டமும் தற்சுழற்சிதானே என்று கேட்கலாம். அந்தப் பொருளில் கூட்டுவட்டியும் தற்சுழற்சிதான்; அதில் புதுப் பண்பு எதுவும் தோன்றுவதில்லையே.

மூளை தன்னைப் பற்றியே ஒரு மாதிரியை வைத்திருப்பதாகக் கொள்வோம். 'நான் சிவப்பைப் பார்க்கிறேன்' என்று ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்பதை அது விளக்கக்கூடும். அந்தச் சிவப்பு ஏன் ஓர் அனுபவமாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995-இல் கடினமான சிக்கல் என்று பிரித்துக் காட்டியது இதைத்தான். முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் சேர்த்து எழுதிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.