ஜாரின் தளபதிகள், புதிய தேசங்கள்: வரலாற்றை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1917இல் ரஷ்யப் பேரரசு சரிந்தபின், ஜாரின் படையில் தளபதிகளாக இருந்த இருவர் புதிய நாடுகளின் தலைமைக்கு வந்தனர்: பின்லாந்தில் மன்னர்ஹெய்ம், உக்ரைனில் பாவ்லோ ஸ்கோரோபாட்ஸ்கி. இத்தகையோரைக் காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுவதே நாம் செய்யும் முதல் தவறு. பேரரசு நிலைத்திருந்த வரையில் ஜாரிடம் விசுவாசமும் பிறந்த மண்ணிடம் பற்றும் ஒரே நெஞ்சில் முரணின்றி இருக்க முடிந்தது. புரட்சிதான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவர்களை நெருக்கியது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஜாரின் படையில் பணியாற்றிய மன்னர்ஹெய்ம், 1896இல் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவில் காவல்படை அதிகாரியாக ஊர்வலத்தில் நடந்தவர். 1918இல் பின்லாந்தின் உள்நாட்டுப் போரில், இடதுசாரிச் செம்படையை எதிர்த்த ‘வெள்ளை’ அணியின் படையை நடத்தி, சுதந்திர பின்லாந்தின் தலைவர்களுள் ஒருவரான பிறகும், அந்த நிக்கோலஸின் புகைப்படத்தைத் தம் ஹெல்சிங்கி வீட்டில் வைத்திருந்தார். சந்தர்ப்பவாதியாக இருந்திருந்தால் முதலில் அப்புறப்படுத்தியிருக்க வேண்டிய பொருள் அதுதான்.

மொழியை மட்டும் வைத்து நாட்டுப்பற்றை அளப்பது இன்னொரு தவறு. மொழியையே தேசியத்தின் உயிராகக் கருதிப் பழகிய நமக்கு இது எளிதில் நேர்ந்துவிடும். மன்னர்ஹெய்மின் தாய்மொழி ஸ்வீடிஷ். நாடு திரும்பிய 50 வயதில் அவருடைய பின்னிஷ் குறைபாடுள்ளதாகவே இருந்தது; ஆனாலும் சுதந்திர பின்லாந்துக்காகப் படை நடத்தியவர் அவர்.

ஸ்கோரோபாட்ஸ்கியைப் பொறுத்தவரை, தேதிகளைப் பார்க்காமல் முடிவுக்கு வருவதே பெரிய பிழை. 1918 ஏப்ரல் 29 அன்று ஜெர்மானியர் ஆதரவுடன் ஆட்சியைப் பிடித்த அவர், நவம்பர் 14 அன்று, போல்ஷெவிக்குகள் (கம்யூனிஸ்டுகள்) ஆளாத ரஷ்யாவுடன் கூட்டாட்சி என்று அறிவித்தார். உள்ளுக்குள் அவர் என்றுமே ரஷ்யர்தான் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அதற்கு 3 நாட்களுக்கு முன்புதான் ஜெர்மனி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அவரைத் தாங்கி நின்ற ஜெர்மானியப் படை வெளியேறவிருந்த நிலையில், அத்தகைய ரஷ்யாவையே விரும்பிய, போரில் வென்ற நேச நாடுகளின் ஆதரவைத் தேடி அவர் எடுத்த முடிவு அது. அதற்காக அவரை முழுவதுமாக நியாயப்படுத்திவிடவும் கூடாது: நிலவுடைமையாளர்களின் பக்கம் நின்று, விவசாயிகளின் கோபத்தைச் சம்பாதித்த ஆட்சி அவருடையது. கிளர்ச்சி வலுக்க, டிசம்பர் 14 அன்று பதவி விலகினார்.

தோற்றவர் எதையும் விட்டுச்செல்லவில்லை என்று கருதுவதும் தவறே. வீழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன் கீவில் அவரது ஆட்சி நிறுவிய அறிவியல் கழகத்துக்கு, பேரரசின் அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்த அறிவியலாளர் வெர்னாட்ஸ்கி முதல் தலைவரானார். பின்னர் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகளும் அதைக் கலைக்கவில்லை. உக்ரைனின் தேசிய அறிவியல் கழகமாக இன்றும் அது இயங்குகிறது.