சினைப்பை சீக்கிரம் ஓயும் குடும்பங்கள்: அப்பா வழியைக் கேளுங்கள்

நாகர்கோவிலில் மரபியல் ஆலோசனைக்கு உட்கார்ந்து பல வருடமாகிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் போடும் வம்சாவளிப் படத்தைப் பார்த்தால், நான் அன்று செய்த தவறே திரும்ப வந்து நிற்கிறது. 40 வயதுக்குள் மாதவிடாய் நின்ற பெண்ணிடம் அம்மா, சித்தி, பாட்டி என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். இது உட்பட, செய்யக்கூடாத ஐந்து தவறுகளைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மா வழியோடு நிறுத்துவது

மருமக்கள்வழி இருந்த நாடு இது. தாய்வழிக் கதை கேட்காமலே கிடைக்கும். நானும் அதோடு நின்றேன். தக்கலைப் பக்கத்திலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் வந்திருந்தார். "எங்கம்மைக்கு அம்பது வயசு வரைக்கும் ஒழுங்கா வந்துது மேடம்" என்றார். 'பரம்பரை இல்லை' என்று எழுதினேன். கூட வந்த அப்பா டீ கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் வேட்டியில் சிந்தியது. வயசுதானே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துத் தங்கை வந்தார், அதே குறையோடு. அப்போதுதான் அப்பாவின் கூடப்பிறந்தவர்களைக் கேட்டேன். மாமிக்கு, அதாவது அப்பாவின் கூடப்பிறந்தவளுக்கு, 34 வயதில் நின்றுவிட்டதாம். பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. எஃப்எம்ஆர்1 என்ற மரபணுவைச் சோதித்ததில் அப்பாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் பிரிமியூட்டேஷன்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 55 முதல் 200 தடவை வரை அடுக்கடுக்காக வந்தால் அதுதான் பிரிமியூட்டேஷன். இது உள்ள பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பை ஓய்கிறது. ஆண்களில் சிலருக்கு 50 தாண்டியதும் கைநடுக்கம், நடையில் தள்ளாட்டம். அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். அது மகள்கள் எல்லோருக்கும் போகும், மகனுக்குப் போகாது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகையில் 200-ஐத் தாண்டலாம். அப்படிப் பிறக்கும் பையன்களுக்கு அறிவு வளர்ச்சி குறையும். ஆகவே அப்பா, மாமி, மாமி மகன் மூவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்றே நான் கேட்டிருந்தால் தங்கை கருமுட்டையை உறையவைத்திருக்கலாம். அந்த மூன்று வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது.

எக்ஸோம் பார்த்தாயிற்று என்று மூடுவது

எக்ஸோம் என்பது புரதம் செய்யும் மரபணுப் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் சோதனை. வழக்கமான எக்ஸோம் இந்த சிஜிஜி அடுக்கை எண்ணாது. எஃப்எம்ஆர்1 சோதனையைத் தனியாக எழுதிக் கொடுங்கள். குரோமோசோம் சோதனையும் வேண்டும். சில செல்களில் மட்டும் ஒரு எக்ஸ் குறைவாக இருக்கும் டர்னர் மொசைக் அதில்தான் தெரியும்.

"இனிப் பிள்ளையே பிறக்காது" என்பது

சொல்லாதீர்கள். 100-க்கு 5 முதல் 10 பேர் தானாகவே கருத்தரிக்கிறார்கள்.

பிள்ளை வேண்டாம் என்றால் ஹார்மோனை விடுவது

எலும்பு தேயும். 50 வயதுவாக்கு வரை வேண்டும்.

"கல்யாணம் முடியட்டும்" என்பதற்கு இணங்குவது

வரன் தட்டிப்போகும் என்று தங்கையைச் சோதனைக்கு அனுப்பாமல் மறைக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரியும். ஆனாலும் அவளிடம் தனியாகப் பேசி, சம்மதித்தால், கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏஎம்எச் ரத்தச் சோதனையை அந்த வாரமே பார்த்துவிடுங்கள்.