காணி துப்புரவாக்கும்போது ரவைகள் தென்பட்டால்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பற்றை வெட்டுவோரும் கிணறு இறைப்போரும் மண்ணுக்குள் ரவைகளை, அதாவது துப்பாக்கித் தோட்டாக்களை, காண்பது இன்னும் ஓயவில்லை. போர் 2009 மே மாதத்தில் முடிந்திருந்தாலும், மண் வைத்திருப்பதை ஒவ்வொரு மாரியும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அரித்துக் காட்டுகிறது.

ரவை ஒன்று தெரிந்த கணத்திலேயே மண்வெட்டியை நிறுத்துங்கள். தனியாகக் கிடக்கும் ரவை அபூர்வம். அது கிடக்கும் இடம் பழைய பங்கராகவோ காவலரணாகவோ இருந்திருக்கலாம். அவ்வாறான இடங்களின் முன்புறத்தில் மிதிவெடி புதைக்கப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே சுற்றிப் பார்க்க நடக்காமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வாருங்கள். பாதுகாப்பான தூரத்துக்கு வந்தபின் கண்ணில் படும் கிளையொன்றில் துணித்துண்டைக் கட்டுங்கள். அடையாளத்துக்காக நிலத்தில் தடி அடிக்க வேண்டாம்.

சுட்டபின் மிஞ்சும் வெற்று உலோகக் கூடான வெறுங்கோதா, இன்னும் சுடப்படாத உயிருள்ள ரவையா என்பதைத் தொடாமலே ஓரளவு அறியலாம். வெறுங்கோதின் வாய் திறந்திருக்கும். உயிருள்ள ரவையில் கூரான தலை செருகப்பட்டிருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் சிறு பள்ளம் விழுந்திருப்பதைக் கண்டு, "இது சுட்டு முடிந்தது" என்று சிலர் கையில் எடுக்கிறார்கள். அது பெரும் பிழை. துவக்கின் ஊசி அடித்தும் வெடிக்காமல் தவறிய ரவையிலும் அதே பள்ளம் இருக்கும். பித்தளைக் கோது பச்சை பூத்திருந்தாலும், செம்பு பூசிய இரும்புக் கோது துருவேறியிருந்தாலும், உள்ளே மருந்து செத்துவிட்டது என்று கொள்ளாதீர்கள். 12.7 மில்லிமீற்றர் போன்ற பெரிய ரவைகளில் நுனி நிறம் பூசப்பட்டிருந்தால், தலைக்குள்ளேயே எரிமருந்து இருக்கக்கூடும்.

பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருப்போருக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். அளவு ஒத்ததுபோலத் தோன்றினாலும் கண்டெடுத்த ரவையை எந்தத் துவக்கிலும் இடக்கூடாது. ரவை துவக்கின் அறைக்குள் அசையாமல் பொருந்தி, அதன் அடி அறையைப் பின்னாலிருந்து மூடும் பூட்டுமுகத்தில் நெருங்கித் தாங்கினால்தான் வெடிப்பின் அழுத்தத்தைக் கோது தாங்கும். இடைவெளி சற்றுக் கூடினாலே கோது பின்னோக்கி இழுபட்டு அடிக்கு மேலே கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம்.  கோது மண்ணில் அரித்து மெலிந்திருக்கையில், அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

பழைய இரும்புக்கு விற்பதற்காகத் தலையைக் கழற்றுவதும், கல்லில் தட்டுவதும் வேண்டாம். எங்கள் வளவில் ஒருமுறை காய்ந்த பற்றையைக் குவித்துக் கொளுத்தியபோது, அடியில் கிடந்த ரவை வெடித்துக் கோதின் ஓரம் பத்தடி தள்ளியிருந்த வாழைத்தண்டில் குத்தி நின்றது. துப்பாக்கிக் குழாய்க்குள் அடைபடாத ரவையில் தலையைவிடக் கோதின் சிதறலே பெரும்பாலும் அதிகம் காயப்படுத்தும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். அன்றிலிருந்து குப்பையைப் புதிதாக வெட்டிய மண்ணில் எரிப்பதில்லை. பலகாலம் கூட்டிப் பெருக்கிய முற்றத்தின் ஓரத்தில் மட்டும் எரிக்கிறோம்.

அடுத்து பொலிஸ் அவசர அழைப்பான 119 இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். ரவைகளைப் பையில் போட்டு நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம், வீட்டில் வைத்திருப்பது சட்டச் சிக்கலையும் தரும். வழமையாகப் பொலிஸார் நீதிமன்ற அனுமதி பெற்று, விசேட அதிரடிப்படையினரைக் கொண்டு அகற்றுவர் அல்லது அழிப்பர். இதற்கு நாட்கள் பிடிக்கலாம். அதுவரை பிள்ளைகளையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அகற்றியதும் உடனே உழவு இயந்திரத்தை இறக்காமல், சுற்றுப்புறத்தையும் சோதித்துத் தருமாறு அப்போதே கேளுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்து, 2028 ஜூனுக்குள் மிதிவெடி நிலங்களைத் துப்புரவாக்கக் கடமைப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் காணியைச் சோதிக்கக் கேட்பது உரிமையான கோரிக்கை. அதைக் கிராம அலுவலர் ஊடாக எழுத்திலே கொடுத்து, பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள்.